பூங்காவுக்கு இடம் விட்ட பிறகே மனை

தென்சென்னை கேட்காமலே பெறும், வடசென்னைக்குக் கேட்டாலும் கிடைக்காது என்ற மனக்குறை இந்த நகரத்தில் பழையது. பனகல் பூங்கா, பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதை, கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம், அடையாற்று முகத்துவாரத்துத் தொல்காப்பியப் பூங்கா என்று தெற்கே அடுக்கிக்கொண்டே போகலாம். வடக்கே கத்திவாக்கம், மணலி என்றதும் அனல்மின் நிலையமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளும்தான் கண்ணில் நிற்கின்றன. இந்த வேறுபாட்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: பணம், அரசியல் செல்வாக்கு. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் நூலகமோ விளையாட்டுத் திடலோ பொதுக் கழிப்பறையோ, எதைக் கேட்டாலும் மண்டல அலுவலகத்தில் முதலில் எழும் கேள்வி பணத்தைப் பற்றியதல்ல. இடம் எங்கே இருக்கிறது என்பதுதான். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வட்டாரத்தில் மக்கள் இன்று அனுபவிக்கும் வசதிகளில் பெரும்பாலானவை, எப்போதோ யாரோ விற்காமல் விட்டுவைத்த மண்ணில் நிற்பவை. அப்படி விட்டுவைப்பதைத்தான் நாம் பிறகு அநேகமாக நிறுத்திவிட்டோம்.

தி.நகரின் பிறப்பிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. நுங்கம்பாக்கம் தொடங்கிச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி ஒன்றை 1923 வாக்கில் வடிக்கத் தொடங்கினார்கள். நுங்கம்பாக்கத்தில் ‘லேக் ஏரியா’வும் ‘டேங்க் பண்ட் ரோடு’ம், மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ம் இன்னும் பெயரளவில் அந்த ஏரியைச் சுமக்கின்றன. அப்போது ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. 1920ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டம் கைக்குப் புதிதாக வந்திருந்தது. ஏரி நிலம் முழுவதும் அரசின் கையில் இருந்ததால், தாளில் முதலில் சாலைகளையும் பூங்காக்களையும் வரைந்துவிட்டு, மீதியை மனையாகப் பிரிக்க முடிந்தது. நடுவில் பூங்கா, அதிலிருந்து பிரியும் அகலமான சாலைகள் என்ற அமைப்பு அப்படி வந்தது. பிட்டி தியாகராயர் பெயரை ஊருக்கும், முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் பெயரையும் டாக்டர் நடேசனார் பெயரையும் பூங்காக்களுக்கும் சூட்டினார்கள். கட்சிக்காரர்களின் பெயர்களே ஊரெங்கும் என்று அன்றும் கேலி பேசியிருப்பார்கள். நூறு ஆண்டு கழித்துப் பார்க்கும்போது, அந்தப் பெயர்ப் பலகைகளுக்குப் பின்னால் மனையாகாமல் தப்பிய நிலம்தான் முக்கியமாகத் தெரிகிறது. 2019 நவம்பரில் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தை ‘ஸ்மார்ட் சிட்டி’ திட்டத்தின் சாதனை என்கிறோம். தியாகராய சாலையை அன்றைக்கே அவ்வளவு அகலமாகப் போட்டிராவிட்டால், இன்று எந்தத் திட்டத்தாலும் அங்கே நடைபாதையை அகலப்படுத்தியிருக்க முடியாது.

அடையாறில் வழி வேறு, விளைவு ஒன்றுதான். காந்தி நகரை விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கியது ஒரு கூட்டுறவு வீடு கட்டும் சங்கம். சாஸ்திரி நகர், இந்திரா நகர், பெசன்ட் நகர் ஆகியவை வீட்டு வசதி வாரியத்தின் காலத்தவை. தனி ஆள் மனை போட்டு விற்கும்போது ஒவ்வொரு சதுர அடியும் காசாகத் தெரியும். சங்கமும் வாரியமும் பெரிய பரப்பை மொத்தமாக வாங்கிப் பிரித்ததால் பள்ளிக்கும் திடலுக்கும் கடைவீதிக்கும் இடம் விட முடிந்தது. மயிலாப்பூர் இந்தக் கணக்கில் சேராது. அது யாரும் திட்டமிட்டு வரைந்த ஊரல்ல. அங்கே கோயிலும் தெப்பக்குளமும் மாட வீதியுமே பொது வெளி. ரானடே நூலகம், நாகேஸ்வர ராவ் பூங்கா போன்றவை இருபதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தவை.

இடம் அரசின் பெயரில் இருந்தால் எவ்வளவு காலம் கழித்தும் அது மக்களுக்குத் திரும்பி வரும் என்பதற்குக் கதீட்ரல் சாலையே போதும். அரசு நிலத்தில் 1962 முதல் இயங்கிவந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் 2008இல் மூடப்பட்டது. காபிக்காக ஏங்கியவர்கள் வருத்தப்பட்டார்கள், நியாயம்தான். 2010இல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்தது. எதிரே தோட்டக்கலைச் சங்கத்தின் வசம் இருந்த ஆறு ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலம் நீண்ட வழக்குகளுக்குப் பிறகு மீட்கப்பட்டு, 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அந்தச் சாலையில் ஆறு ஏக்கரைச் சந்தை விலைக்கு வாங்கிப் பூங்கா போட எந்த அரசும் துணியாது. 2010 செப்டம்பரில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் கதை இதன் மறுபக்கம். அடுத்த ஆண்டே ஆட்சி மாறி, அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அறிவிப்பு வந்தது. உயர் நீதிமன்றம் தடுத்ததால்தான் நூலகம் தப்பியது. பொது இடம் ஒன்று கண்ணில் பட்டால் இன்னொரு பொதுப் பயன்பாடே அதன் மேல் கை வைக்கும். பனகல் பூங்காவின் ஒரு பகுதி மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிக்குப் போயிருக்கிறது. முதல் கட்டத்துக்காக எடுக்கப்பட்ட ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்கா பத்தாண்டுக்கும் மேல் மூடிக் கிடந்தது. மெட்ரோ வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தோண்டுவதற்கு வேறு இடம் மிச்சமில்லை என்பதையே இது காட்டுகிறது.

ஏன் மிச்சமில்லை? விதியைப் பார்த்தால் விடை தெரியும். திறந்தவெளி ஒதுக்கீடு என்று நம் கட்டட விதிகளில் ஒரு பிரிவு உண்டு. மனையின் பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பத்தில் ஒரு பங்கைப் பொதுப் பயன்பாட்டுக்குத் தானமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலம் தரலாம். இயலாவிட்டால் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டிவிடலாம். 3,000 சதுர மீட்டருக்குக் கீழே எதுவும் இல்லை. 3,000 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ பதிமூன்றரை கிரவுண்டு. தி.நகரிலும் மயிலாப்பூரிலும் இடிபடும் பழைய வீடுகளில் பெரும்பாலானவை ஒன்று, இரண்டு, மிஞ்சினால் நான்கு கிரவுண்டு. ஒரு குடும்பம் இருந்த இடத்தில் பத்துக் குடும்பம் வருகிறது. சாக்கடை, தண்ணீர், வாகன நிறுத்தம், நடைபாதை எல்லாவற்றுக்கும் பத்து மடங்கு தேவை வருகிறது. பொதுவுக்கு ஓர் அடி நிலம்கூட வருவதில்லை. இப்படித் தெருத் தெருவாக நடந்த பிறகு, மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை மக்கள் நடக்கத் தரையில் வழியில்லாமல், 28 கோடிக்கு மேல் செலவழித்துத் தூண் நட்டு ஆகாய நடைபாலம் கட்ட வேண்டியதாயிற்று. 2023 மே மாதம் அது திறக்கப்பட்டது. பயனுள்ள பாலம்தான், மறுக்கவில்லை. ஆனால் ரங்கநாதன் தெரு நெரிசலுக்கு மேலே நடப்பதற்காக நாம் கட்டிய விலை அது.

இப்போது வடக்கே பார்ப்போம். திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி ஆகியவை 2011 வரை தனி நகராட்சிகள். அந்த ஆண்டு மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது சென்னைக்குள் வந்தன. அங்கே நிலம் இல்லாமல் இல்லை. நிலம் ஏராளமாக ஒதுக்கப்பட்டது: சுத்திகரிப்பு ஆலைக்கு, உரத் தொழிற்சாலைக்கு, அனல்மின் நிலையத்துக்கு, அதன் சாம்பல் குட்டைக்கு, துறைமுகத்துக்கு. நகரத்தின் வடபகுதிக் குப்பைக்குக் கொடுங்கையூர் ஒதுக்கப்பட்டது. வரைபடத்தில் முதலில் பூங்காவை வரைந்த கை, வடக்கே முதலில் ஆலையை வரைந்தது. குடியிருப்புகள் அந்த ஆலைகளின் இடுக்குகளில் தாமாக வளர்ந்தன. 2023ஆம் ஆண்டு பட்ஜெட்டில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். மறு ஆண்டு தொடக்க விழாவுக்குள் மதிப்பு 4,000 கோடியைத் தாண்டிவிட்டது. எனவே பணமே இல்லை என்று இப்போது சொல்ல முடியாது.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. முதலாவது, ஒதுக்கிய இடம் பராமரிப்பின்றிக் குப்பை மேடாகும், ஆக்கிரமிப்புக்குப் போகும் என்பது. ஆகும்தான். தொல்காப்பியப் பூங்கா இருக்கும் 58 ஏக்கரும் ஒரு காலத்தில் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிய இடமே. ஆனால் பட்டா போட்டு விற்காததால் அதைத் தோண்டி, நீர் தேக்கி, அலையாத்தி நட்டு 2011இல் திருப்பித் தர முடிந்தது. விற்றுப்போன நிலத்துக்கு அந்த வாய்ப்பில்லை. பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக்கூடக் கொடுக்கக் கூடாது என்று பெங்களூரு வழக்கு ஒன்றில் 1991இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எதிர்த்து நிற்பவர்களுக்குச் சட்டம் துணை நிற்கும். இரண்டாவது, புதிய அடுக்ககங்களில் உடற்பயிற்சிக் கூடமும் நீச்சல் குளமும் உள்ளேயே இருக்கும்போது பொது வசதி எதற்கு என்பது. வாயிற்காவலர் நிறுத்திக் கேள்வி கேட்கும் இடம் பொது வசதி ஆகாது. அங்கே வேலை செய்ய வரும் பெண்ணின் பிள்ளை அதில் விளையாட முடியாது.

மூன்றாவது வாதம்தான் கனமானது. தி.நகரை முன்மாதிரி என்கிறீர்களே, அது ஓர் ஏரியைக் கொன்று எழுந்த ஊர் அல்லவா? ஆம். 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் தி.நகர் தெருக்களில் நின்ற வெள்ளம் அந்தப் பழைய கணக்கைத்தான் தீர்த்துக்கொண்டது. 2021இல் மாம்பலம் கால்வாயில் நடந்துகொண்டிருந்த அழகுபடுத்தும் வேலையும் நீர் வடிவதைத் தடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. 1920களின் நகரமைப்பாளர்கள் பூங்காவைப் பொதுச் சொத்தாகக் கண்டார்கள், நீரைக் காணவில்லை. அவர்கள் செய்ததில் பாதியை எடுத்துக்கொண்டு பாதியைத் தள்ள வேண்டும். எண்ணூர்க் கழிமுகம், கொசஸ்தலை ஆற்றங்கரை, மாதவரம் ஏரி, ரெட்டேரி ஆகியவை வடக்கின் பொது நிலங்கள். பொதுக் கட்டடத்துக்கு இடம் தேடி அவற்றின் கரையைத் தொடக் கூடாது. கைவிட்ட ஆலை நிலங்களையும், பயன்படாமல் கிடக்கும் அரசுத் துறை நிலங்களையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வரைபடத்தில் பச்சை வண்ணம் தீட்டினால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி, பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய தனியார் நிலத்தை மூன்று ஆண்டுகளுக்குள் அரசு கையகப்படுத்தாவிட்டால் ஒதுக்கீடு விலகிவிடும். உரிமையாளரைக் காலமெல்லாம் கட்டிப்போடக் கூடாது என்பது அதன் நியாயம், அதில் தவறில்லை. அப்படியானால் நிலம் வாங்கும் பணம் திட்டத்தின் முதல் ஆண்டிலேயே இருக்க வேண்டும். கட்டடத்துக்குக் கோடிகளை அறிவித்து, நிலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது தலைகீழ் வரிசை. பதிமூன்றரை கிரவுண்டுக்குக் கீழ் எதுவும் வேண்டாம் என்ற விதியையும் மாற்றியாக வேண்டும்: சிறிய மனைகளிலிருந்து நிலம் கேட்க முடியாது, ஆனால் கூடுதல் தளம் கட்ட அனுமதிக்கும்போது ஒரு தொகை வாங்கி, அதே வார்டில் நிலம் வாங்க மட்டுமே அதைச் செலவிடலாம்.

சென்னைப் பெருநகரத்தின் எல்லை 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டது. மூன்றாவது முழுமைத் திட்டம் 2046 வரைக்குமானது. மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து வயல்கள் எப்படி மனையாகும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். அதன் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வரும்போது மேம்பாலத்தையும் மெட்ரோ தடத்தையும் மட்டும் தேடாமல், உங்கள் ஊரில் பள்ளிக்கும் திடலுக்கும் நூலகத்துக்கும் எந்தச் சர்வே எண் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.