மரங்களுக்கு நடுவே ஒரு பந்தாட்டம்

தோழியரே, எறிபந்து ஆடுகளம் ஒன்று நன்றாக இருக்கிறதா என்று எப்படிச் சொல்வீர்கள்? தரை சமமா, கோடுகள் அளவாக உள்ளனவா, வலை தொய்யாமல் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். எந்த ஊருக்குப் போனாலும் அதன் நீள அகலம் ஒன்றுதான். கோல்ஃப் ஆட்டத்திற்கு அப்படி வரையறுத்த களம் கிடையாது. மேடும் பள்ளமும், ஓடையும் மரமுமாகக் கிடக்கும் நிலத்தில் 18 குழிகளை அமைத்து, அந்த நிலத்தையே எதிராளியாக நிறுத்தி ஆடுவது அந்த ஆட்டம். ஆகவே கோல்ஃப் களத்தை மதிப்பிடுவதே ஒரு தனிக் கலையாக வளர்ந்திருக்கிறது. அதைப் பற்றிச் சிறிது தெரிந்து கொள்வோம்.

முதலில் சில சொற்கள். பந்தை முதன்முதலாக அடிக்கும் இடம் டீ. அங்கிருந்து நீண்டு செல்லும் புல்வெளிப் பாதை ஃபேர்வே. அதன் முடிவில் கம்பளம் போல் வெட்டிவிடப்பட்ட புல்தரை கிரீன். குழி அதில்தான் இருக்கிறது. இடையிடையே பந்தைச் சிக்க வைக்கும் மணற்பள்ளங்களுக்கு பங்கர் என்று பெயர். தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு குழியை எத்தனை அடியில் முடிக்க வேண்டுமோ அந்த எண்ணிக்கை பார். பெரும்பாலும் 18 குழிகளுக்கும் சேர்த்துப் பார் 72 ஆக இருக்கும்.

ஆட்டம் வளர்ந்த ஸ்காட்லாந்தில் பழைய களங்கள் கடலோர மணல்வெளியில் அமைந்தவை. அங்கே மரம் இல்லை; காற்றுதான் பகை. பின்னர் உள்நாட்டில், பூங்கா போன்ற நிலங்களில் மரங்களுக்கு நடுவே களங்கள் தோன்றின. இவற்றுள் உலகம் அறிந்தது அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள அகஸ்டா நேஷனல். 1934 முதல் அங்கே மாஸ்டர்ஸ் என்னும் போட்டி நடந்து வருகிறது.

அந்த இடம் முன்னர் ஒரு நாற்றங்கால். பெல்ஜியத்திலிருந்து வந்த பெர்க்மான்ஸ் குடும்பத்தார் 1857-இல் நிலத்தை வாங்கிப் பழமரங்களும் பூச்செடிகளும் வளர்த்து விற்றனர். அவர்கள் காலத்து மக்னோலியா மரங்கள் இன்றும் நுழைவாயில் சாலையில் இருபுறமும் நிற்கின்றன. 18 குழிகளுக்கும் எண்ணோடு ஒரு செடியின் பெயரும் உண்டு. 10-ஆம் குழி கமேலியா, 13-ஆம் குழி அசேலியா. வகுப்புகளுக்கு மலர்ப் பெயர் சூட்டினாற் போல இருக்கிறதல்லவா!

களத்தை வகுத்தவர்கள் இருவர். ஒருவர் 1930-இல் நான்கு பெரும் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்று, 28 வயதிலேயே போட்டிகளிலிருந்து விலகிய பாபி ஜோன்ஸ். மற்றவர் அலிஸ்டர் மெக்கன்ஸி என்னும் மருத்துவர். கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிலத்தைச் செதுக்க வந்தவர் என்று அவரைச் சொல்லலாம். வலிமை குறைந்தவரும் மகிழ்ந்து ஆட வேண்டும். வல்லவரோ யோசித்து யோசித்து ஆட வேண்டும் என்பதே இருவருடைய எண்ணம். எனவே ஃபேர்வேக்களை மிக அகலமாக விட்டார்கள். பங்கர்களைச் சிக்கனமாக வைத்தார்கள்.

அகலமாக விட்டால் எளிதாகிவிடாதா என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் நுட்பம். பாதை அகலமானாலும் கிரீன் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். சரியான ஓரத்தில் பந்தை வைத்தவருக்கே அடுத்த அடி எளிது. மற்ற ஓரத்தில் வைத்தவர் தொலைந்துபோக மாட்டார். ஆனால் அடுத்த அடியில் வட்டி கட்ட வேண்டும்.

13-ஆம் குழியைப் பாருங்கள். பாதை இடப்புறமாக வளைகிறது. வளைவின் உட்புறம் நெடுக ஓர் ஓடை. கிரீனின் முன்னாலும் அதே ஓடை. பார் 5. துணிந்தவர் ஓடையை ஒட்டி அடித்து, இரண்டாவது அடியிலேயே கிரீனை எட்டப் பார்ப்பார். தவறினால் தண்ணீர். அடக்கமானவர் வலப்புறமாகச் சுற்றி, மூன்று அடியில் பத்திரமாக வந்து சேரலாம். இருவருக்கும் வழி உண்டு. இதுவே நல்ல களத்தின் முதல் இலக்கணம் என்று நமக்குத் தோன்றுகிறது.

12-ஆம் குழி வேறு விதம். 155 கெஜம்தான். ஒரே அடியில் எட்டிவிடலாம். ஆனால் கிரீன் ஒடுக்கமானது. முன்னால் ரே ஓடை, பின்னால் மேடு. சுற்றிலும் உயர்ந்த பைன் மரங்கள் நிற்பதால் மேலே வீசும் காற்று உள்ளே புகுந்து சுழல்கிறது. பக்கத்திலுள்ள 11-ஆம் குழியின் கொடி ஒரு திசையிலும், 12-இன் கொடி வேறு திசையிலும் பறப்பதுண்டு. எதை நம்புவது? 2016-இல் முன்னணியில் இருந்த ஜோர்டன் ஸ்பீத் இங்கே இரண்டு பந்துகளைத் தண்ணீரில் விட்டு 7 அடி எடுத்தார், பட்டமும் போயிற்று. 2020-இல் டைகர் வுட்ஸ் எடுத்தது 10. பார் 3 என்பதை மறந்துவிடாதீர்கள்! இங்கே மரம் பந்தைத் தடுக்கவில்லை. தொலைவில் நின்றபடியே மனத்தைக் குழப்புகிறது.

ஆனால் மரம் சுவராகவும் மாறலாம். 1997-இல் வுட்ஸ் 12 அடி வித்தியாசத்தில் வென்றபின் களத்தை நீட்டினார்கள்; ஓரத்தில் புல்லை உயர வளர்த்தார்கள்; சில இடங்களில் மரங்களையும் நட்டார்கள். 11-ஆம் குழியில் கிரீனுக்கு இடப்புறம் ஒரு குளம். குளத்துக்கு அஞ்சுபவர் முன்பு பந்தை வலப்புறமாக வைத்துக்கொள்வார். அந்த வலப்புறத்தில் பைன் மரங்கள் வரிசையாக வந்துவிட்டன. யோசித்து வழி தேர்ந்த இடத்தில் நேராக அடிப்பது ஒன்றே மிஞ்சிற்று. 2022-ஆம் ஆண்டுப் போட்டிக்கு முன் அங்கிருந்த மரங்களில் சிலவற்றைக் கழகமே அகற்றியது. நட்டதுதான் தவறு என்பது நம் கருத்து.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. 17-ஆம் குழியில் ஒரு பைன் மரம் ஐசனோவரின் பந்தை ஓயாமல் தடுத்து வந்தது. 1956-இல் கழகக் கூட்டத்தில் அதை வெட்டிவிடலாம் என்றார் அவர். தலைவர் பதில் சொல்லாமல் கூட்டத்தையே முடித்துவிட்டாராம். அமெரிக்க ஜனாதிபதியாலும் ஒரு மரத்தை அசைக்க முடியவில்லை. 2014 பிப்ரவரியில் பனிப்புயல் வந்துதான் அதை வீழ்த்தியது.

இத்தனையும் அளந்த பிறகு இன்னொன்றையும் அளக்க வேண்டியிருக்கிறது. வலியவர், எளியவர் இருவருக்கும் என்று வகுத்த களத்தின் வாசல் யாருக்குத் திறந்திருந்தது? களம் உருவான நாட்களில், தம் சார்பில் நிலத்தைப் பார்வையிட மெக்கன்ஸி அனுப்பியது ஒரு பெண்ணை: 1921-இல் அமெரிக்கப் பெண்கள் பட்டம் வென்ற மரியன் ஹாலின்ஸ். கலிபோர்னியாவில் பாசாடியெம்போ களத்தை அவரைக் கொண்டு அமைத்தவர் இவர். பெண்ணை அனுப்பியது கழகத்தாருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மெக்கன்ஸி அவருடைய அறிவை விட்டுக்கொடுக்காமல் பேசினார். 1934 ஜனவரியில் மெக்கன்ஸி காலமானார். புல் வளர்ந்து முடிந்த களத்தை அவர் பார்க்கவே இல்லை.

அதன்பின் பெண்கள் விருந்தினராக வந்து ஆடலாம்; உறுப்பினராக முடியாது என்ற நிலையே நீடித்தது. 2012 ஆகஸ்டில்தான் காண்டலீசா ரைஸ், டார்லா மூர் ஆகிய இருவரும் முதல் பெண் உறுப்பினர்களாயினர். 2019-இல் பெண்களுக்கான அமெச்சூர் போட்டியின் இறுதிச் சுற்று அங்கே முதன்முறையாக நடந்தது. ஜெனிபர் கப்சோ நடுவில் ஒற்றைத் தலைவலியால் கண் மங்கித் தவித்தார். பிறகு தெளிந்து 13-ஆம் குழிக்கு வந்தார். ஓடைக்கு அஞ்சிச் சுற்றிப் போகவில்லை. இரண்டாவது அடியில் கிரீன், மூன்றாவது அடியில் குழி. முதல் பட்டம் அவருக்கே. 2021-இல் வென்ற ஜப்பானிய வீராங்கனை சுபாசா கஜிதானிக்கு வயது 17. மறு ஆண்டு வென்ற ஆனா டேவிஸுக்கு 16.