‘டிரா போதும்’னு சொல்றோமே... உண்மையிலேயே போதுமா?

பெரிய ஆட்டத்துக்கு முந்தின நாள் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்த வரி கட்டாயம் வந்திருக்கும்: “டென்ஷன் வேண்டாம் பா, டிரா எடுத்தாலே போதும்.”

அடுத்த நிமிடமே ஜொகூரில் இருக்கும் மாமா மகன் சிரிக்கும் எமோஜி அனுப்புவார். இன்னொருவர் புள்ளிப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவார். “சொந்தத் திடல்ல நம்மள யாரு அடிக்க முடியும்?” என்று மூன்றாமவர் கிளம்புவார். ஆட்டம் தொடங்க இன்னும் 24 மணி நேரம் இருக்கும்போதே குழுவில் அது முடிந்துவிடும்!

இந்தப் பேச்சு இல்லாமல் காற்பந்தில் சுவை இல்லை. ஆனால் நாம் சொல்லும் ‘வாய்ப்பு’ எங்கிருந்து வருகிறது? எந்தக் கணக்கு நிற்கும், எது நம் ஆசை மட்டும்? சிங்கப்பூர் அணி ஆடிய சில உண்மையான ஆட்டங்களை வைத்துப் பார்க்கலாம்.

முதலில், ‘டிரா போதும்’ என்றால் என்ன?

குழுச் சுற்றில் வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1, தோல்விக்கு எதுவும் இல்லை. கடைசி ஆட்டத்துக்கு முன்னால் உங்கள் அணி எதிரணியைவிட ஒரு புள்ளியாவது முன்னால் இருந்தால், டிரா ஆனாலும் அந்த இடைவெளி அப்படியே இருக்கும். எதிரணிக்கு வெற்றி தேவை, உங்களுக்குத் தோற்காமல் இருந்தால் போதும்.

கேட்க சுலபமாகத்தான் இருக்கிறது. வெற்றி, டிரா, தோல்வி என்ற மூன்றில் இரண்டு நமக்குச் சாதகம். அதனால் நமக்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுவிடும்.

தப்பு அங்கேதான் தொடங்குகிறது. அந்த மூன்று முடிவுகளும் ஒரே அளவு சாத்தியம் உள்ளவை அல்ல. நாளைக்கு மழை பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். அதற்காகத் தினமும் மழைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று சொல்வோமா? எதிரணி பலமானது, ஆட்டம் அவர்கள் ஊரில் என்றால், ‘தோல்வி’ என்ற ஒரே முடிவு மற்ற இரண்டையும் சேர்த்ததைவிடப் பெரிதாக இருக்கலாம்.

சிங்கப்பூர் – மலேசியா: மூன்று முறை இதே கதை

ஆசியான் வெற்றியாளர் கிண்ணப் போட்டியில் மலேசியாவுக்கு எதிராக மூன்று முறை சிங்கப்பூர் இதே நிலையில் நின்றது. மூன்றுமே குழுவின் கடைசி ஆட்டம்.

ஒன்று, 2014 நவம்பர் 29. இடம், நம் தேசிய விளையாட்டரங்கம். சிங்கப்பூரிடம் 3 புள்ளி, மலேசியாவிடம் 1. மலேசியா முதலில் கோல் போட்டது. கைருல் அம்ரி அதைச் சமன் செய்தார். 90 நிமிடம் முடியும்போது 1-1. அப்படியே முடிந்திருந்தால் சிங்கப்பூர் அரையிறுதியில். ஆனால் கூடுதல் நேரத்தில் மலேசியாவுக்குப் பெனால்ட்டி கிடைத்தது. அதன்பிறகு இன்னொரு கோலும் விழுந்தது. முடிவு 3-1. சிங்கப்பூர் வெளியே!

இரண்டு, 2023 ஜனவரி 3. இந்த முறை புக்கிட் ஜாலில். சிங்கப்பூர் 7 புள்ளி, மலேசியா 6. முதல் பாதியில் டேரன் லோக் போட்ட கோலுடன் மலேசியா முன்னால் போனது. பின்னர் ஸ்டுவர்ட் வில்கின் இரண்டு, செர்ஜியோ அகுவேரோ ஒன்று. சிங்கப்பூருக்கு ஃபாரிஸ் ராம்லி ஒரு கோல். 4-1.

மூன்று, 2024 டிசம்பர் 20. மறுபடியும் புக்கிட் ஜாலில். சிங்கப்பூர் 6 புள்ளி, மலேசியா 4. இந்த முறை கோல்காவலர் இஸ்வான் மஹ்புட் சுவர் மாதிரி நின்றார். 0-0. சிங்கப்பூர் அரையிறுதிக்குள்!

ஆக, ‘டிரா போதும்’ என்ற நிலையிலிருந்து மூன்றில் ஒரு முறைதான் காரியம் நடந்தது. மூன்று ஆட்டங்களை வைத்துச் சட்டம் எழுத முடியாதுதான். ஆனால் அந்த வார்த்தை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது தெரிகிறது, இல்லையா?

ஏன் அது அவ்வளவு கஷ்டம்?

ஒரு கோல் விழுந்தாலே எல்லாம் தலைகீழ். 2023 ஆட்டத்தில் அதுதான் நடந்தது. 0-0 இருக்கும்வரை சிங்கப்பூர் பொறுமையாக இருக்கலாம். ஒரு கோல் வாங்கியதும் டிராவுக்கே கோல் தேவை. அப்போது தற்காப்பை விட்டு ஆட்டக்காரர்கள் முன்னால் ஏற வேண்டும். பின்னால் இடம் திறக்கும். எதிரணி அந்த இடத்தைத்தான் எதிர்பார்த்துக் காத்திருக்கும்.

வெற்றி கட்டாயம் என்ற அணிக்கு நேரம் போகப் போக இழக்க எதுவும் இல்லை. கூடுதலாக ஒரு தாக்குதல் ஆட்டக்காரரை இறக்கும். டிராவைக் காக்கும் அணியோ பின்வாங்கும். பின்வாங்கினால் பந்து எதிரணியிடம். பந்து அவர்களிடம் இருந்தால் கார்னர், ஃபிரீகிக், பெனால்ட்டி எல்லாமே நம் கோலுக்குப் பக்கத்தில்தான். 2014-இல் கூடுதல் நேரத்தில் வந்தது அப்படி ஒன்றுதான்.

அதனால் அடுத்த முறை ஆட்டத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ‘டிரா போதுமா?’ என்பது மட்டும் இல்லை. “நாம முதல்ல கோல் வாங்கினா, திரும்பி வர நம்மகிட்ட ஆள் இருக்கா?” என்பதும்தான்.

‘சொந்தத் திடல்னா நமக்குத்தான்’ – உண்மையா?

சொந்தத் திடல் உதவும். பயணக் களைப்பு இல்லை, பழகிய புல், நம் கூட்டத்தின் சத்தம். ஆனால் அது உத்தரவாதம் அல்ல. 2014-இல் தோற்றது நம் திடலில். 2024-இல் தாக்குப்பிடித்தது அவர்கள் திடலில்.

இதைவிட நல்ல உதாரணம், 2027 ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்று. 2025 மார்ச் முதல் நவம்பர் வரை சிங்கப்பூர் ஆடிய ஐந்து ஆட்டங்களைப் பாருங்கள். சொந்தத் திடலில் ஹாங்காங்குடன் 0-0, இந்தியாவுடன் 1-1. இரண்டும் டிரா. வெளியூரில்? டாக்காவில் பங்ளாதேஷை 2-1, கோவாவில் இந்தியாவை 2-1, ஹாங்காங்கில் ஹாங்காங்கை 2-1. மூன்று வெற்றியும் வெளியூரில்!

நவம்பர் 18 ஆம் தேதி ஹாங்காங்கின் கை டாக் விளையாட்டரங்கில் நடந்த ஆட்டத்தில் சிங்கப்பூர் முதலில் கோல் வாங்கியது. இரண்டாம் பாதியில் ஷவால் அனுவாரும் இல்ஹான் ஃபாண்டியும் அடுத்தடுத்துக் கோல் போட்டார்கள். ஆட்டத்துக்கு முன் இரண்டு அணிகளுக்கும் தலா 8 புள்ளி. அன்று இரவு 11-க்கு 8. ஓர் ஆட்டம் மீதி இருக்கும்போதே சிங்கப்பூர் தகுதி பெற்றது. 1984-இல் ஏற்று நடத்தும் நாடாக ஆசியக் கிண்ணத்தில் ஆடியிருக்கிறது. தகுதிச் சுற்றில் வென்று உள்ளே போவது இதுவே முதல் முறை.

ஒரு நிமிடம்... ஹாங்காங் கடைசி ஆட்டத்தில் வென்று 11 புள்ளி எடுத்திருந்தால்? அங்கேதான் அடுத்த கணக்கு வருகிறது.

புள்ளி சமமானால் யார் மேலே?

இது போட்டிக்குப் போட்டி மாறும். ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில், புள்ளி சமமானால் அந்த இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதியதில் யார் மேல் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஹாங்காங்குடன் ஒரு டிரா, ஒரு வெற்றி. அதனால்தான் ஓர் ஆட்டம் மீதி இருந்தும் சிங்கப்பூரின் இடம் உறுதியானது.

இங்கிலீஷ் பிரிமியர் லீக்கில் கோல் வித்தியாசம் முதலில். 2012 மே மாதம் மான்செஸ்டர் சிட்டியும் மான்செஸ்டர் யுனைடெட்டும் தலா 89 புள்ளி. சிட்டிக்கு கோல் வித்தியாசம் 64, யுனைடெட்டுக்கு 56. கிண்ணம் சிட்டிக்கு. யுனைடெட் ரசிகரான உங்கள் அண்ணனிடம் இதை ஞாபகப்படுத்தாமல் இருப்பது நல்லது.

இந்தக் கணக்கு ஒரு நாசி லெமாக் கடை வரை போன கதை தெரியுமா?

2024 ஜூன் 11. உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டங்கள். சிங்கப்பூர் ஏற்கெனவே வெளியேறிவிட்டது. பேங்காக்கில் தாய்லாந்துடன் ஆட்டம். அதே இரவு சோலில் சீனா தென்கொரியாவிடம் 0-1 தோற்றது. சீனாவைத் தாண்ட, தாய்லாந்து சிங்கப்பூரை மூன்று கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். கோல்காவலர் ஹசன் சன்னி 11 முறை பந்தைத் தடுத்தார். தாய்லாந்து வென்றது, ஆனால் 3-1.

சீனாவும் தாய்லாந்தும் தலா 8 புள்ளி. இருவரும் போட்டது 9 கோல், வாங்கியது 9 கோல். எல்லாம் சமம்! கடைசியில் நேருக்கு நேர் ஆட்டங்களில் மேலாக இருந்த சீனா அடுத்த சுற்றுக்குப் போனது. நன்றி சொல்ல சீன ரசிகர்கள் தெம்பனிஸில் உள்ள ஹசனின் உணவுக் கடையைத் தேடி வந்தார்கள். இணையம்வழி பணம்கூட அனுப்பினார்கள். போதும், நிறுத்துங்கள் என்று அவரே சொல்லும் அளவுக்கு.

தோற்ற ஆட்டத்தில், வெளியேறிவிட்ட அணியின் கோல்காவலர் இன்னொரு நாட்டின் தலைவிதியை மாற்றினார். ‘இனி ஆடி என்ன ஆகப் போவுது?’ என்று நாம் சொல்லும் ஆட்டத்தில்கூட யாருக்கோ ஏதோ இருக்கிறது.

‘நாம யாருன்னு தெரியுமா?’ – பழைய பெருமை

இது எல்லா வீட்டிலும் உண்டு. சிங்கப்பூர் மலேசியக் கிண்ணத்தை 24 முறை வென்றதை அப்பா சொல்வார். 1994-இல் ஷா ஆலாமில் பஹாங்கை 4-0 என்று வென்றதையும், வி. சுந்தரமூர்த்தியின் ஆட்டத்தையும் பெரியப்பா இன்றும் நடித்துக் காட்டுவார். எல்லைக்கு அந்தப் பக்கம், கே. ராஜகோபாலின் பயிற்சியில் மலேசியா 2010-இல் ஆசியான் கிண்ணத்தை முதல் முறை வென்றதைச் சொல்வார்கள்.

இந்தக் கதைகள்தான் நம்மை ரசிகர்களாக்கின. அவற்றை விட வேண்டியதில்லை. ஆனால் 1994-இல் ஆடியவர் யாரும் நாளைக்குத் திடலில் இறங்கப் போவதில்லை. நாளைய ஆட்டத்தை எடை போட, கடைசி ஐந்து ஆறு ஆட்டங்களே அதிகம் சொல்லும்.

அடுத்த ஆட்டத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

1. எத்தனை புள்ளி, பக்கத்து ஆட்டம் என்ன? 2024 டிசம்பரில் நாம் மலேசியாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதே குழுவில் கம்போடியாவுக்கும் 4 புள்ளி இருந்தது. அன்று இரவு அது தாய்லாந்திடம் தோற்றதால்தான் அந்தக் கவலை எழவில்லை.

2. சமநிலை விதி என்ன? கோல் வித்தியாசமா, நேருக்கு நேரா? போட்டி விதிமுறையில் இருக்கும். இரண்டு நிமிட வேலை.

3. எத்தனை நாள் ஓய்வு? அதே 2024 போட்டியில் சிங்கப்பூர் டிசம்பர் 11, 14, 17, 20 என்று பத்து நாளில் நான்கு ஆட்டம் ஆடியது. மலேசியா 14 ஆம் தேதிக்குப் பிறகு நேராக 20 ஆம் தேதிதான் ஆடியது. அந்த 0-0 எவ்வளவு பெரிது என்பது இதை வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

4. யார் இல்லை? காயம், மஞ்சள் அட்டைகளால் தடை. ஒரு தற்காப்பு ஆட்டக்காரர் இல்லாமல் போவது, நட்சத்திரத் தாக்குதல் ஆட்டக்காரர் இல்லாததைவிட வலிக்கலாம்.

5. நம் கோல்காவலர் எப்படி இருக்கிறார்? சிரிக்க வேண்டாம். 2015 ஜூனில் ஜப்பான் மண்ணில் சிங்கப்பூர் 0-0 எடுத்தது. அன்று இஸ்வான் தடுத்தவை 18. எந்தக் கணக்கும் அதை முன்கூட்டியே சொல்லியிருக்காது.

அப்போ கணக்குப் போட்டு என்ன பயன்?

முடிவை முன்கூட்டியே சொல்வதற்காக இல்லை. ஒரு நியாயத்துக்காக.

‘டிரா போதும், ஈஸி’ என்று போனவர்தான் தோற்றதும் முதலில் திட்டுகிறார். பெனால்ட்டி கொடுத்த ஆட்டக்காரரின் இன்ஸ்டகிராம் பக்கத்துக்குப் போய் அவர் குடும்பத்தையும் சேர்த்து ஏசுகிறார். ஆட்டம் எவ்வளவு கடினம் என்று முன்பே தெரிந்திருந்தால், தோல்வி வலிக்கும். ஆனால் துரோகமாகத் தெரியாது. அடுத்த ஆட்டத்துக்கும் டிக்கெட் வாங்க மனம் வரும். ஜாலான் புசாரில் சுமார் 6,000 பேர்தான் உட்கார முடியும். அங்கே ஒவ்வொரு குரலும் ஆட்டக்காரர்கள் காதில் விழும்.

2027 ஜனவரியில் சவூதி அரேபியாவில் ஆசியக் கிண்ணம். அங்கே சிங்கப்பூர் சந்திக்கப் போகும் அணிகளில் பல நம்மைவிடப் பலசாலிகள். அப்போது உங்கள் குழுவில் யாராவது “டிரா போதும் பா” என்று எழுதுவார். எழுதட்டும். நீங்கள் திருப்பிக் கேளுங்கள்: “சரி, நாம முதல் கோல வாங்கினா?”

அங்கிருந்து பேச்சு தொடங்கட்டும்.