விலக்கப்பட்ட வித்தையும் நட்பும்

ஒரு கலையை யாவர் கற்கலாம், யாவர் கற்றலாகாது என்னும் வினா மிகப் பழையது. தீயோர் கையிற்பட்ட அறிவு உலகைக் கெடுக்குமென அஞ்சி அதனை மறைத்துவைத்தல் தகுமா? மறைத்தலால் விளையுந் தீங்கிற்குப் பொறுப்பாளர் யாவர்? இவ்வரிய வினாக்களை இளைஞர் விரும்பும் கற்பனைக் கதையாக அமைத்துக் காட்டுகின்றது யப்பானியச் சித்திரக்கதையொன்று. 'கூம்புத் தொப்பிப் பட்டறை' எனப் பொருள்படும் பெயருடைய அக்கதையை எழுதி வரைபவர் ஷிரஹாமா கமோமே என்னும் பெண் ஓவியர். 2016ஆம் ஆண்டிற் கோடான்ஷா நிறுவனத்தாரின் சஞ்சிகையொன்றில் தொடராகத் தொடங்கிய இது, 2019 முதல் ஆங்கிலத்திலும் நூல்வடிவில் வெளிவரலாயிற்று. 2020இல் அமெரிக்காவின் ஹாவி பரிசையும் பெற்றது.

இக்கதையுலகில், மந்திர ஆற்றல் பிறவியால் வருவதென்றே பொதுமக்கள் நம்புகின்றனர். உண்மை வேறு. அங்கு மந்திரம் ஓதப்படுவதன்று, வரையப்படுவது. நடுவிலே தீ, நீர், காற்று முதலியவற்றுள் ஒன்றைக் குறிக்கும் பொறி. அதனைச் சூழ, ஆற்றல் செல்லுந் திசையையும் கொள்ளும் வடிவையும் வரையறுக்குங் குறிகள். இவையனைத்தையும் உள்ளடக்கி ஒரு வட்டம். வட்டத்தின் இரு முனைகளும் கூடிய கணத்தே மந்திரம் தொழிற்படும். கோடு பிழைப்பின் பயனும் பிழைக்கும். ஆகவே தக்க மையும் எழுதுகோலும் பயின்ற கையும் உடையார் எவரும் மந்திரவாதியாகலாம். இவ்வுண்மையை மறைத்துவைத்தலே அவ்வுலகின் தலையாய சட்டம்.

அச்சட்டம் காரணமின்றிப் பிறந்ததன்று. முற்காலத்தில் எல்லாரும் மந்திரம் வரைய வல்லராயிருந்தபோது, போரும் பேராசையும் பெருகின. மனித உடலையே உருமாற்றுங் கொடுமைகளும் நிகழ்ந்தன. அவற்றுக்கு முடிவு காண விழைந்தோர் தம்முள் உடன்படிக்கை செய்து, வரையும் முறையை மக்கள் நினைவினின்றும் அழித்தனர். உடலின்மேல் மந்திரஞ் செய்தல் அறவே விலக்கப்பட்டது. நோய் தீர்க்கும் மந்திரமும் அவ்விலக்கினுள் அடங்கிற்று. உடன்படிக்கையை ஏற்றோர் கூம்புத் தொப்பியர். ஏலாது மறைந்து வாழ்வோர் விளிம்புத் தொப்பியர். இரகசியத்தை அறிந்த புறத்தார் எவராயினும் அவர் நினைவு அழிக்கப்படும்.

தையற்காரியின் மகளாகிய கோக்கோ என்னுஞ் சிறுமி, மந்திரவாதி கீஃப்ரி வரைவதை மறைந்துநின்று கண்டுவிடுகின்றாள். முன்னொருநாள் முகமூடியணிந்த ஒருவரிடம் பெற்ற நூலிலுள்ள உருவங்களைப் பொருளறியாது படியெடுக்கின்றாள். அவற்றுளொன்று அவள் தாயைக் கல்லாக்கிவிடுகின்றது. கதையின் நுட்பம் இவ்விடத்தே விளங்கும். விலக்கப்பட்ட மந்திரத்தின் கொடுமையை இந்நிகழ்ச்சி காட்டுவதால், சட்டத்தின் நியாயம் புலனாகின்றது. ஆயின், அச்சிறுமி முறையாகக் கற்பிக்கப்பட்டிருந்தாற் கண்மூடிப் படியெடுத்திராள் என்பதும் உண்மையே. காக்க வந்த மறைப்பே கேட்டிற்கும் வழிவகுத்தது.

கீஃப்ரி அவள் நினைவை அழியாது தன் மாணாக்கியாக ஏற்கின்றான். அங்கே முன்னரே பயிலும் மூவருள் அகொற் என்பாள், மந்திரக் குடியிற் பிறவாத இவளை இகழ்கின்றாள். இருவருக்கும் நட்புத் தோன்றுவது இனிய சொற்களால் அன்று. இடர்களில் ஒருவர் திறமையை மற்றவர் கண்டறிதலால். நால்வரும் ஒருங்கே ஆபத்தில் அகப்பட்டபோது, தனித்தனி முற்றுப்பெறாத அவர்தம் எண்ணங்கள் ஒன்றுகூடி வழிகாட்டுகின்றன. இக்கதையில் வரும் பறக்குங் காலணிகளை இதற்கு ஒப்புக் கூறலாம். ஒவ்வோர் அடியிலும் வட்டத்தின் ஒரு பாதியே உண்டு; இரண்டும் இணைந்தாலன்றிப் பறத்தல் கூடாது.

நட்பே சட்டத்தைச் சோதிக்கும் உரைகல்லுமாகின்றது. நிறங்களைப் பிரித்தறிய இயலாத கண்ணுடைமையால் மந்திரவாதியாகும் வாய்ப்பை இழந்தவன் தார்த்தா என்னுஞ் சிறுவன். அவன் கோக்கோவின் நண்பனாகின்றான். குஸ்தாஸ் என்னும் வேறொரு சிறுவன் விபத்தினாற் கால்களின் ஆற்றலை இழக்கின்றான். அவனுக்கு நண்பர் செய்யத்தக்க உதவி, நடக்கும் நாற்காலி போன்ற கருவியளவில் நின்றுவிடுகின்றது. உடலைக் குணப்படுத்தும் மந்திரம் உண்டென்பதையும், சட்டத்திற்கஞ்சி அது மறைக்கப்பட்டதென்பதையும் பின்னர் அறிந்தபோது, அன்பு காட்டியோரே தன்னை வஞ்சித்தனரென அவன் மனங் கசக்கின்றான். அவன் சினத்தைப் பிழையென்று தள்ளுதல் எளிதன்று. சட்டத்தை வெறுங் கொடுமையென்று ஒதுக்குதலும் எளிதன்று. கோக்கோவும் இதே இருதலைக்கொள்ளியில் நிற்பவளே. தாயை மீட்க வழிதேடும் அவளை, விளிம்புத் தொப்பியர் விலக்கப்பட்ட வித்தையைக் காட்டியே அழைக்கின்றனர்.

நல்லோர் ஒருபுறமும் தீயோர் மறுபுறமுமாக நிற்கும் கதைகளினின்றும் இந்நூல் வேறுபடுவது இதனாலேயாம். அறிவைத் திறந்துவிடுதலிலும் ஆபத்துண்டு, பூட்டிவைத்தலிலும் ஆபத்துண்டு. பூட்டியவர் தாம் காத்த மக்களை எண்ணுவர்; பூட்டினாற் கைவிடப்பட்டவனோ அவர் கண்ணிற்படான். அவனைக் காணச் செய்வது நட்பொன்றே. கற்போரும் கற்பிப்போரும் இந்நூலிலிருந்து கொள்ளத்தக்க பொருள் இது. கற்றவன் தன் கல்வியின் எல்லையைக் காத்தல் கடன். அவ்வெல்லைக்கு அப்பால் நிற்பவனின் துன்பத்தை மறவாதிருத்தல் அதனினும் பெருங் கடன்.