வைஃபை பெட்டிக்கு ஏன் இத்தனை ஆன்டெனா?

ஒரே அலைவரிசையில் இரண்டு ஆன்டெனாக்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு தகவல்களை அனுப்பினால் குழம்பிவிடாதா? கலக்கத்தான் செய்யும். ஆனால் அலைகள் சுவரிலும் அலமாரியிலும் பட்டுத் தெறிப்பதால், வாங்கும் பக்கத்து இரண்டு ஆன்டெனாக்களிலும் அந்தக் கலவை வெவ்வேறு விதமாக விழுகிறது. தெரியாத எண்கள் இரண்டு, சமன்பாடுகளும் இரண்டு. பள்ளிக் கணக்குப்போலப் பிரித்துவிடலாம்! கலவையின் அளவை அறிய, முன்பே தெரிந்த சோதனைக் குறிகளும் கூடவே வருகின்றன. பொறியாளர்கள் நெடுங்காலம் தொல்லையாகக் கருதிய எதிரொலிப்பே இங்கே துணை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

பொள்ளாச்சியில் பிறந்து, இந்தியக் கடற்படையில் சோனார் உருவாக்கிய ஆரோக்கியசாமி பால்ராஜ், ஸ்டான்ஃபோர்டில் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து இந்த யோசனைக்கு 1994-இல் காப்புரிமை பெற்றார். 'மைமோ' எனப்படும் அந்த உத்தி இன்று 4ஜி, 5ஜி கைபேசிகளிலும் இருக்கிறது.