இணையதளத்தைப் பூட்டுகிறவர் யார்?

இணையதளங்களைத் தடை செய்வது என்றதும், தீய படங்களையும் மோசடிக்காரரையும் விலக்கும் நல்ல வேலை என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். குழந்தைகளைச் சீரழிக்கும் படங்கள் எவர் கண்ணிலும் படலாகாது என்பதில் இரு கருத்தில்லை. ஆனால் அந்தப் பூட்டும் சாவியும் யார் கையில் உள்ளன, அவர்கள் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்று கேட்பவர் குறைவு. நம் வீடுகளில் பழகிய ஒரு பத்திரிகைக்கு நேர்ந்ததைக் கொண்டே இதை விளக்கலாம்.

2025 பிப்ரவரியில் அமெரிக்கா, இந்தியர் பலரைக் கைவிலங்கிட்டு இராணுவ விமானத்தில் திருப்பி அனுப்பியது. அதையொட்டி 'விகடன் பிளஸ்' மின்னிதழ், நம் பிரதமர் விலங்குடன் அமெரிக்க அதிபர் அருகே அமர்ந்திருப்பதாக ஒரு கேலிச்சித்திரம் வெளியிட்டது. அன்றைய பாரதிய ஜனதா கட்சி மாநிலத் தலைவர் அண்ணாமலை அதுபற்றி மத்திய அரசிடம் புகார் செய்தார். பிப்ரவரி 15-ஆம் நாள் பலருக்கு விகடன் இணையதளம் திறக்கவில்லை. ஒரே சித்திரத்துக்காக, சமையற் குறிப்பு முதல் சிறுகதை வரை அத்தனையும் மறைந்தன. விசாரணைக் குழு கூடும் என்ற அறிவிப்போ அதன் பிறகுதான் வந்தது!

அக்குழுவில் இருப்போர் யார்? உள்துறை, சட்டம், பாதுகாப்பு முதலிய அமைச்சகங்களின் அதிகாரிகள். தடைக்கு ஒப்புதல் தருபவரும் துறைச் செயலாளரே. இவர்களுள் எவரும் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் அல்லர். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, நாட்டின் ஒருமைப்பாடு, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது அமைதி போன்ற காரணங்களுக்காகவே தடை விதிக்கலாம் என்கிறது. எனினும் 2009-ஆம் ஆண்டு விதிகளின்படி புகாரும் நடவடிக்கையும் இரகசியம்.

நம் ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் தாய்மாருக்கு இது எளிதில் விளங்கும். செக்கிங் மேஜையில் ஒரு ஷூவைத் தள்ளினால், குறையுள்ள இடத்தில் சிறு அம்புக்குறி ஒட்டித் திருப்புவார்கள். தைத்தவர் அதைச் சரி செய்யலாம். குறையே இல்லையென்று சூப்பர்வைசரிடம் வாதாடவும் செய்யலாம். (வெல்வது வேறு விஷயம்!) அம்புக்குறியே இல்லாமல் பெட்டி முழுவதையும் ஒளித்து வைத்தால் அவர் என்ன செய்வார்?

நம் திருச்சபையும் முற்காலத்தில் விலக்கப்பட்ட நூல்களின் பட்டியல் ஒன்று வைத்திருந்தது. 1559-இல் உரோமையில் வெளியான அதன் சட்ட வலிமை, திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில், 1966-இல் நீக்கப்பட்டது. கலிலியோவின் நூலும் அதில் இருந்தது என்பது வருந்தத்தக்கதே. ஆயினும் அப்பட்டியல் அச்சாகி வெளிவந்தது. எந்த நூலுக்கு விலக்கு என்று எவரும் அறியலாம். இன்றைய தடைப் பட்டியலை அவ்வாறு வாங்கிப் பார்க்க இயலாது.

நல்ல நோக்கமுடைய அமைப்பும் தவறலாம். இங்கிலாந்தில் 1996-இல் தோன்றிய 'இன்டர்நெட் வாட்ச் ஃபவுண்டேஷன்' குழந்தைகளைக் காக்கப் பாடுபடுவது. அரசு அமைப்பு அன்று. 2008 டிசம்பரில் அது விக்கிப்பீடியாவின் ஒரு பக்கத்தைத் தடைப் பட்டியலில் சேர்க்க, அந்நாட்டவர் பலரால் விக்கிப்பீடியாவில் எதையும் திருத்த முடியாமற் போயிற்று. நான்கு நாட்களில் அம்முடிவு கைவிடப்பட்டது.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மட்டும் தவறே செய்யாதவரா? 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் பற்றி ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்ததற்காக, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. எதிர்ப்பு எழவே சில நாட்களில் அவர் விடுதலையானார். ஆனால் யார் தண்டித்தார், எதற்காக என்பது ஊரறிய நடந்தது. அதனால்தான் அவர் வழக்காடி, 1994-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வெல்ல முடிந்தது. பெற்ற இழப்பீடு 1000 ரூபாய்.

69ஏ பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-இல் ஸ்ரேயா சிங்கல் வழக்கில் கூறியபோது, தடைக்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்பதையும் சுட்டிக்காட்டியது. காரணம் எழுதப்பட்டால்தானே நீதிமன்றம் செல்ல இயலும்?

விகடனும் உயர் நீதிமன்றம் சென்றது. 2025 மார்ச் 6-இல், அச்சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கினால் தளத்தைத் திறந்துவிட வேண்டுமென்று நீதிமன்றம் ஆணையிட்டது. பூட்டப்பட்ட 19-ஆம் நாள் அது. சித்திரம் சட்டத்தை மீறியதா என்ற கேள்விக்கு அன்று விடை கூறப்படவில்லை.