மறதிநோயாளரைப் பேணுவோருக்கான இணையவழிப் பயிற்சி

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய்க்கு ஆளான முதியோரை இல்லத்தில் பேணுபவர் பெரும்பாலும் மனைவியோ மகளோ மருமகளோ ஆவர். இத்தகையோருக்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்த இணையவழிப் பயிற்சி ஐசப்போர்ட். இது 5 பகுதிகளும் 23 பாடங்களும் கொண்டது. நோயின் இயல்பு, அன்றாடப் பராமரிப்பு, நடத்தை மாற்றங்களை எதிர்கொள்ளல் ஆகியவற்றோடு, பேணுபவர் தம்மைக் காத்துக்கொள்வதற்கும் தனிப்பகுதி உண்டு. 'என் பணத்தைத் திருடிவிட்டாய்' எனத் தாய் குற்றஞ்சாட்டும்போது மறுத்து வாதிடுவதால் பயனில்லை. ஆறுதல் கூறி, உடன் தேடுவதே தக்கது. அது நோயின் கூறு என்பதை அறியாத மகள் அதனைப் பழியாகவே கொள்வாள்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் இந்தியாவில் இப்பயிற்சியைச் சோதித்தனர். 2021இல் வெளியான அவ்வாய்வில் சேர்ந்த 151 பேரில் இறுதி மதிப்பீடுவரை நிலைத்தோர் 55 பேரே. பயின்றோரிடம் நோயாளரை நோக்கும் மனப்பாங்கு மேம்பட்டது. மனச்சோர்வும் பராமரிப்புச் சுமையும் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. இதில் வியப்பில்லை. இரவில் பலமுறை எழுபவருக்குப் பாடத்தைத் திறக்கவே ஓய்வு அரிது. பகல்நேரப் பராமரிப்பு மையமோ, சில மணிநேரம் பொறுப்பேற்கும் உறவினரோ இல்லாத வீட்டில், பயிற்சி மட்டுமே சுமையைக் குறைக்கும் என எதிர்பார்ப்பது பொருந்தாது.