நோவை எண்ணால் சொல்லுங்கள்

காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. பிரஷர் பார்க்கவும் கருவி உண்டு. நோவை அளக்க அப்படி ஒன்றும் இல்லை. எவ்வளவு நோகிறது என்பதை நோகிறவர் சொன்னால்தான் வைத்தியருக்குத் தெரியும். அதற்காகவே 0 முதல் 10 வரையான அளவு பயன்படுத்தப்படுகிறது. 0 என்றால் நோவே இல்லை. 10 என்றால் நீங்கள் நினைத்துப் பார்க்கக்கூடிய மிகக் கடுமையான நோவு.

யுத்த காலத்தில் பலருக்கு நோவு மருந்து இல்லாமலே காயம் கட்டப்பட்டது. அன்று பல்லைக் கடித்துத் தாங்கியவர்களில் பலர் இன்றும் வாய் திறப்பதில்லை. “மற்றவர்கள் உயிரையே இழந்தார்கள், எனக்கு இது என்ன பெரிது” என்று நினைக்கிறார்கள். ஆனால் இந்த எண் உங்களை மற்றவரோடு ஒப்பிடுவதற்கு அல்ல. உங்கள் நேற்றைய நோவையும் இன்றைய நோவையும் ஒப்பிடுவதற்கே.

தாங்கிக்கொண்டிருப்பதால் கெடுதலும் உண்டு. வயிற்றிலோ நெஞ்சிலோ சத்திரசிகிச்சை செய்தவர் நோவுக்குப் பயந்து ஆழமாக மூச்சு இழுக்காமலும் இருமாமலும் இருந்தால், சளி தேங்கி நியூமோனியா வரலாம். செயற்கைக் கால் நோகிறது என்று அதைக் கழற்றி வைத்தவர் நடையை இழக்கிறார். எங்கே நோகிறது என்று சொன்னால் காலைச் சரிசெய்யலாம். துண்டிக்கப்பட்டு இல்லாமற்போன காலில் நோவு தெரிவதும் மனப்பிரமை அல்ல. அது உண்மையான நோவு. அதற்கும் சிகிச்சை உண்டு.

சிகிச்சைக்கு முன்னும் இடையிலும் பின்னும்

மருந்து கட்டும்போது சென்ற முறை மிகவும் நொந்திருந்தால், இம்முறை தொடங்குவதற்கு முன்னரே தாதியிடம் சொல்லுங்கள். நோவுக் குளிசை வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் எடுக்கும். கட்டை அவிழ்த்த பின்னர் சொன்னால் அது உதவாது.

செல் துண்டு எடுக்கும்போதும் தையல் போடும்போதும் விறைப்பு ஊசி போடுவார்கள். அதன்பின் அழுத்துவதும் இழுப்பதும் உங்களுக்குத் தெரியலாம். வெட்டுவது கூர்மையாக நோகக்கூடாது. நொந்தால் கையை அசைக்காமல் உடனே வாயால் சொல்லுங்கள்.

எண்ணோடு நோவின் தன்மையையும் சொல்லுங்கள்: குத்துகிறதா, எரிகிறதா, உளைகிறதா, மின்சாரம் அடித்தது போல் இருக்கிறதா? எரிவுக்கும் உளைவுக்கும் ஒரே மருந்து கொடுப்பதில்லை. படுத்திருக்கும்போது எத்தனை, நடக்கும்போது எத்தனை என்றும் சொல்லுங்கள்.

வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் இடத்தைத் தொட்டு “மெத்தன ரிதெனவா” (இங்கே நோகிறது) என்று சொல்லி, விரல்களால் எண்ணைக் காட்டுங்கள்.

பிள்ளைகளுக்கு

மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை ஆறு முகங்கள் கொண்ட படத்தைக் காட்டுவார்கள். பிள்ளையே தொட்டுக் காட்டட்டும். நீங்கள் முந்திச் சொல்லவேண்டாம். பேசத் தெரியாத குழந்தையின் முகம், கால்கள், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை புள்ளி இடுவார்கள். அசையாமல் ஒடுங்கிக் கிடக்கும் பிள்ளைக்கு நோவில்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

“நோகாது” என்று பொய் சொல்லாதீர்கள். அடுத்த முறை பிள்ளை உங்களை நம்பாது. “கொஞ்சம் நோகும், நான் பக்கத்தில் இருப்பேன்” என்று சொல்லுங்கள். தடுப்பூசி போடும்போது குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்தால் நோவு குறையும்.

எப்போது உடனே போகவேண்டும்?

ஆறிவரும் புண்ணில் எண் நாளுக்கு நாள் குறையவேண்டும். 3 ஆக இருந்தது 6 ஆகி, புண்ணைச் சுற்றிச் சிவப்பு, வீக்கம், சூடு, சீழ் அல்லது காய்ச்சல் இருந்தால், கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கவேண்டாம். அருகிலுள்ள வைத்தியசாலைக்கு உடனே செல்லுங்கள்.

வளர்ந்தவர் ஒருவர் ஒரு நாளில் 500 மில்லிகிராம் பனடோல் எட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது. ஈரல் நோய் உள்ளவர்களும் உடல் மெலிந்தவர்களும் வைத்தியரைக் கேட்டு அதிலும் குறைவாகவே எடுக்கவேண்டும். அதற்கும் நோவு அடங்காவிட்டால் குளிசையைக் கூட்டாமல் வைத்தியரிடம் போங்கள்.

கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தினமும் திகதியையும் எண்ணையும் எழுதி வாருங்கள். எழுத முடியாதவர்களுக்கு வீட்டில் படிக்கும் பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். அடுத்த கிளினிக்கில் அந்தப் பக்கத்தை வைத்தியரிடம் காட்டுங்கள்.